நாலு பேர் அறையும் நாற்பது பேர் ஆபீஸும்

ஒரு கேள்வி. உங்க ப்ராஜெக்ட் மெதுவா ஓடினா முதல்ல எதைத் திட்டுவீங்க? நான் லேப்டாப்பைத் திட்டினேன். திட்டினதோட நிற்காம, அம்மாவோட கம்மலை அடகுக் கடை வரைக்கும் கொண்டு போகப் பார்த்தேன். அந்தக் கதையும், அதில் நான் கத்துக்கிட்ட ப்ராசசர் பாடமும்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் அகழாய்வு நடந்த ஊர்னு செய்தியில் பார்த்திருப்பீங்க. எங்களுக்கு அது அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் விடியக்காலையில் வேன் ஏறி வெடி ஆபீஸுக்குப் போற ஊர். 2024 பிப்ரவரி 17 அன்று எங்க பக்கத்து ராமுதேவன்பட்டியில் நடந்த ஆலை விபத்தில் 10 பேர் இறந்தாங்க. அன்னிக்கு அம்மா வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாசல்லயே நின்னேன். அதனாலதான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வேற எந்தத் தலைப்பும் மனசுல ஒட்டல. வெயில் ஏற ஏற ஒரு வேலை அறைக்குள் வெப்பம் எப்படி ஏறும்னு கணிக்கிற ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். 4 வகைக் கூரை, 5 வகைக் காற்றோட்டம், பகலில் 6 நேரங்கள். மொத்தம் 120 கணக்கு.

லீவுக்கு ஊருக்கு வந்து, சித்திரை வெயிலில், கட்டில் மெத்தை மேல லேப்டாப்பை வச்சு ஓட்டினேன். முதல் கணக்கு 40 வினாடியில் முடிஞ்சது. ஆஹான்னு இருந்தேன். பத்தாவது கணக்குக்கு 55 வினாடி ஆச்சு. விசிறி வேற விமானம் கிளம்புற மாதிரி கத்துது. 120-உம் முடிய ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரு எண்ணை மாத்தினா மறுபடி முதல்ல இருந்து ஓட்டணும். ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள்தான்.

நான் புலம்பறதைக் கேட்டு அம்மா சொன்னாங்க: "கம்மலை வச்சுத் தாரேன் தாயி, நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ." நானும் சரின்னுட்டேன்.

அடகுக் கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் ஒரு சீனியர் அண்ணா, "டிபார்ட்மென்ட் சர்வர்ல போடு, பறக்கும்"னார். அதில் 20 கோர் உள்ள ப்ராசசர் இரண்டு, மொத்தம் 40 கோர். வீட்டிலிருந்தே லாகின் பண்ணி அதே நிரலை ஓட்டினேன். ஒரு கணக்குக்கு 70 வினாடி! மொத்தம் இரண்டு மணி இருபது நிமிஷம். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கின சர்வர், என் கட்டில் லேப்டாப்பை விட மெதுவா ஓடுச்சு.

அங்கேதான் எனக்கு உறைச்சது. லேப்டாப் சிப் 100 மீட்டர் ஓட்டக்காரர். கொஞ்ச நேரம் டர்போவில் பாயும். சூடு ஏறினா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைக்கும். மெத்தை காற்றுத் துளையை அடைச்சது என் தப்பு. சர்வர் சிப் வேற ரகம். உதாரணத்துக்கு 2019-இல் வந்த இன்டெல் ஜியான் பிளாட்டினம் 8280. 28 கோர், அடிப்படை வேகம் 2.7 ஜிகாஹெர்ட்ஸ், மின்சக்தி 205 வாட். வகுத்துப் பாருங்க, ஒரு கோருக்கு 7 வாட் சொச்சம்தான் பங்கு வரும். நம்ம லேப்டாப் சிப்புக்கு மொத்தமே 15 முதல் 28 வாட்தான். ஆனா ஒரே கோர் வேலை செய்யும்போது அதில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கும். அதனால ஒத்தைக்கு ஒத்தை ஓட்டத்தில் லேப்டாப் ஜெயிக்கிறது அதிசயமே இல்ல.

அப்போ சர்வருக்கு என்ன பெருமை? நாள் முழுக்க, மாசக் கணக்கா, ஒரே சீரா எல்லா கோரும் ஓடும். அந்த 8280-க்கு மெமரி போக வர 6 சேனல். வழக்கமான லேப்டாப்புக்கு 2. மெமரியில் ஒரு பிட் தவறி மாறினா கண்டுபிடிச்சுத் திருத்துற ஈசிசி வசதியும் உண்டு. ஆனா இதெல்லாம் வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாதான் பயன்படும். நான் 40 பேர் இருக்கிற ஆபீஸில் ஒரே ஆளை வேலை செய்ய விட்டு, 39 பேரைச் சும்மா உட்கார வச்சிருந்தேன்.

எங்க வெடி ஆபீஸ் கணக்கில் சொல்றேன். ஒரு வெடிக்குக் குழாய் உருட்டி, மருந்து அடைச்சு, திரி வைக்கணும். இந்த வரிசையை மாத்த முடியாது. ஆனா ஆயிரம் வெடியைப் பல அறைகளில் ஒரே நேரத்தில் செய்யலாம். என் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கணக்குக்குள்ளேயும் அடுத்த நொடியின் வெப்பம் முந்தின நொடியைச் சார்ந்தது. ஆனா 120 கணக்குக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல! பைத்தானின் மல்டிப்ராசசிங்கை வச்சுப் பத்து வரி மாத்தினேன். சர்வரில் ஐந்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது.

அப்புறம் லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேசைக்கு மாத்தி, அதே நிரலை அதன் 4 கோரிலும் ஓட்டினேன். கோர் நாலும் சூடாகி வேகம் குறைஞ்சும் கூட 45 நிமிஷம்தான். வெடி ஆலையில் ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி உண்டு. என் லேப்டாப்பும் அப்படி ஒரு நாலு பேர் அறைதான். அந்த நாலு பேருக்கும் நான் இத்தனை நாளா வேலையே கொடுக்கல.

ஒரு எச்சரிக்கை. எல்லா வேலையும் இப்படிப் பிரியாது. 1967-இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த விதி இது: உங்க நிரலில் 90 சதவீதம் மட்டுமே பிரிக்க முடியும்னா, 28 கோர் போட்டாலும் வேகம் ஏழரை மடங்குதான் கூடும். ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. நம்ம திருச்சி என்ஐடியில் 2022 மே மாசம் தொடங்கின பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரின் உச்ச திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. அதில் போட்டாலும் பிரிக்காத நிரல் ஒரு கோரில்தான் ஊர்ந்து போகும்.

ரிவ்யூ முடிஞ்சது. கம்மல் அம்மா காதிலேயே இருக்கு. "அப்போ உன் பெட்டி நல்ல பெட்டிதானா?"ன்னு அம்மா கேட்டாங்க. "பெட்டி நல்லதும்மா, நான்தான் வேலை வாங்கத் தெரியாம இருந்தேன்"னேன்.

ஜூனியர்களே, புது லேப்டாப் கேட்டு வீட்டில் நிற்கிறதுக்கு முன்னாடி நிரலை ஓட விட்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்க. எத்தனை கோர் உழைக்குது, எத்தனை கோர் சும்மா இருக்குன்னு எண்ணுங்க. எல்லாமே முழு மூச்சா உழைச்சும் நேரம் பத்தலைன்னா, அப்போ சர்வரைக் கேளுங்க. வீட்டில் பணம் கேட்கிறது கடைசி வழியா இருக்கட்டும்.