வெற்றுக் குடமும் நிறைந்த ஏரியும்

சென்ற ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு இராஜேந்திர சோழன் நாடகத்தை நடித்தது. கங்கை நீர் நிறைந்த பொற்குடத்தை மன்னன் சோழகங்கம் ஏரியில் ஊற்றும் காட்சியில் அரங்கமே கைதட்டியது. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனால் குடம் தூக்கி வந்த எங்கள் தோழி ஒருத்தி மட்டும் திரைக்குப் பின்னால் வாடிய முகத்துடன் நின்றாள். காரணம் கேட்டோம்.

"கொடத்துல தண்ணி இல்லைன்னு நமக்குத் தெரியும், கைதட்டினவங்களுக்குத் தெரியாதுடி. எங்க ஊரு ஏரியும் அப்படித்தான். பேருதான் ஏரி. அப்பா வேலைக்குத் திருப்பூர் போயி ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள்.

எங்கள் வாய் அடைத்துப் போயிற்று.

மறு வாரம் இதைக் கேட்ட எங்கள் சிஸ்டர், பூகோள வகுப்பில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைப் பற்றிக் கூறினார்கள். அங்கே தாழ்நிலத்தில் மெல்ல ஊர்ந்து செல்லும் நீரோடைகளுக்குப் 'பாயூ' என்று பெயராம். 1952இல் ஹேங்க் வில்லியம்ஸ் பாடிய பாடலால் நாடெங்கும் அப்பெயர் பரவியதாம். பாட்டிலும் திரைப்படத்திலும் பாயூ வாழ்கிறது. ஆனால் அம்மாநிலமோ, 1932 முதல் 2016 வரை ஏறத்தாழ 4800 சதுர கிலோமீட்டர் கரையோர நிலத்தைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டது! போற்றிப் பாடுவது வேறு, பேணிக் காப்பது வேறு என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நம் நாட்டிலும் நீருக்குப் புகழ்ச்சி குறைவா? இராஜேந்திரன் தன் வெற்றித் தூணைக் கல்லால் அன்றி நீரால் நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சோழகங்கத்தைச் சிறப்பிக்கிறது. பொன்னேரி என்று மக்கள் அழைக்கும் அந்த ஏரியே பிற்காலத்தில் தூர்ந்து போயிற்று. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் யூதேயா நாட்டைப் பாடும்போதும் தமிழ்நாட்டு மழையையும் வயலையும் அங்கே கொண்டு சேர்த்தார். நீரின்றி ஒரு நாட்டை அழகாகக் காண நம் புலவர்களால் இயலவில்லை போலும்.

பின்னர் கரைவெட்டிக்குச் சுற்றுலா சென்றோம். மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து சேரும் ஏரி அது. ஏறத்தாழ 450 ஹெக்டேர் பரப்பு. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 2024 ஜனவரியில் அது உலகப் புகழ் பெற்ற ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் சேர்ந்தது. பறவைகளைக் கண்டு துள்ளினோம். திரும்பும்போது கரையைப் பார்த்தால், நாங்கள் தின்று போட்ட பிஸ்கட் உறைகள்! வெட்கத்துடன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். யாரும் எங்களை ஏவவில்லை.

அடுத்த விடுமுறையில், பெற்றோரின் அனுமதியுடன் தோழியின் ஊருக்குச் சென்றோம். ஊர்ப் பெரியவர்கள் வரத்து வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். முள் கையைக் கிழிக்கும் வேலையை அவர்கள் எங்களுக்குத் தரவில்லை. மழையில் இளகிய மண்ணில் முளைத்திருந்த சீமைக்கருவேலங் கன்றுகளை மட்டும் வேரோடு பிடுங்கினோம். தோழியின் அப்பாயி எல்லாருக்கும் கம்பங்கூழ் தந்தார்கள்.

ஐப்பசி மழையில் அந்த ஏரியில் முழங்கால் அளவு நீர் நின்றது. மழை எங்களால் வந்ததன்று. அது இறைவன் தந்தது. ஆனால் வந்த நீருக்கு வழியும், நிற்க இடமும் இருந்தன. தோழியின் தந்தை இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறார். ஒரு மழையில் எல்லாம் மாறிவிடாது என்று அவளே எங்களைத் தேற்றினாள்.

அன்புத் தோழியரே! இவ்வாண்டும் நாடகம் உண்டு. குடம் தூக்க அவளே முன்வந்திருக்கிறாள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள்: குடத்தில் உண்மையாகவே தண்ணீர் இருக்க வேண்டுமாம். மேடை நனைந்தால் நனையட்டும் என்று சிஸ்டரும் சிரித்தபடி சம்மதித்துவிட்டார்கள்.