மாசி வாசம்

அப்பாவின் 65வது பிறந்தநாளுக்கு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்ச இடத்துக்கே கூட்டிட்டுப் போம்மா" என்றார்.

எனக்குப் பிடித்த இடம் தஞ்சோங் பகாரில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள சின்ன பிரெஞ்சு பிஸ்ட்ரோ. 20 பேர் உட்காரலாம். சமையல்காரர் ஜப்பானியர். சாப்பாட்டுப் பட்டியல் ஒரே பக்கம். ஒயின் பட்டியல் ஒரு புத்தகம்.

சிக்கலே அதில்தான். பெரியப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் பியர் டின்கூட வந்ததில்லை. மாதம் ஒருமுறை தோழிகளுடன் இங்கு வந்து நான் ஒரு கிளாஸ் ஒயின் அருந்துவது அப்பாவுக்குத் தெரியாது. அவர் தட்டில் ஒயின் சேர்க்க வேண்டாம் என்று முன்பதிவிலேயே சொல்லியிருந்தேன். என் கிளாஸைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

"வழக்கமான மஸ்கடேதானே?" என்று கேட்டபடியே பணியாளர் ஊற்றிவிட்டார்.

அப்பா கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

பிறகு மீன் வந்தது. அதன்மேல் 'பேர் பிளாங்' எனும் வெண்ணெய்ச் சாஸ். பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் நான்ட் வட்டாரத்துப் பக்குவம் அது. மஸ்கடே ஒயினும் அதே மண்ணுடையது. இங்கே அந்தச் சாஸில் ஜப்பானிய 'டாஷி'யும் சேர்கிறது. கடற்பாசியும் 'கட்சுவோபுஷி' என்ற காய்ந்த மீனின் சீவலும் போட்டு இறக்கும் சாறு அது.

அப்பா ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்தார். "இதுல மாசி போட்டிருக்காங்கம்மா!"

பணியாளரிடம் சொன்னேன். அவர் சமையலறையிலிருந்து விறகுக்கட்டை போன்ற ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அப்பா அதை மேசையில் தட்டிப் பார்த்தார். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, உலர்த்துவதுதான் இரண்டுக்கும் அடிப்படை. அவர்கள் சீவுகிறார்கள், நாம் இடிக்கிறோம்.

"தூத்துக்குடியில உங்க ஆச்சி மாசி இடிச்சா தெருவே முழிச்சுக்கும். மாசிச் சம்பல்னா அண்ணனுக்கு உயிர்."

பெரியப்பாவைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டதே அன்றுதான்.

"எத்தனை நாளா?" என்றார், கிளாஸைக் காட்டி.

"மூணு வருஷமாப்பா. மாசத்துக்கு ஒரு கிளாஸ்தான்."

"ஒண்ணோ ரெண்டோ, அது உன் கணக்கு. அண்ணனும் முதல்ல எங்களுக்குத் தெரியாமத்தான் குடிச்சாரு. தெரிஞ்சிருந்தா அப்பவே கேட்டிருப்போம். நீ மறைக்காதே, அது போதும்."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கிளாஸில் பாதியைத்தான் குடிக்க முடிந்தது. அப்பா ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார்.

எம்ஆர்டிக்கு நடக்கும்போது கேட்டார்: "அடுத்த மாசம் எப்ப போறே? சொல்லு, அந்த மீனுக்காக நானும் வர்றேன்."