ஊரில் இல்லாதவர்களுக்காக ஓர் ஊர்த்தளம்

2024 ஜனவரி 3, புதன்

நேற்றுப் பிற்பகல் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரம் மட்டுமல்ல, பனாய் தீவு முழுக்க இருட்டு. மின்நிலையங்கள் அடுத்தடுத்து நின்றுபோனதால் வந்த தடை. பேரங்காடியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. பிளக் இருக்கும் தூண்களைச் சுற்றி, போனும் சார்ஜருமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் ஜனங்கள். நானும் ஓரிடம் பிடித்து, போனிலேயே என் இணையத்தளத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சர்வர் சிங்கப்பூரில் இருப்பதால் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து பார்ப்பவர்கள் அநேகமாக யாருமில்லை. துபாய், ரியாத், லண்டன், டொராண்டோ என்று வெளியிலிருந்து மட்டும் வழக்கத்தைவிடப் பல மடங்கு. இங்கே செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்குப் போன் போகவில்லை, தம்பி மெசேஜ் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் தேடுபொறியில் ஊர்ப் பெயரை அடித்துப் பார்க்கிறார்கள். என் தளம் வந்து நிற்கிறது.

பகல் முழுக்க ஒரே பக்கத்தைத்தான் எழுதினேன். ஹாரோ, லா பாஸ், மோலோ, மாந்துரியாவ், அரெவாலோ, நகர மையம் என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, எங்கே மின்சாரம் வந்தது, எங்கே வரவில்லை, அதை எத்தனை மணிக்கு நேரில் பார்த்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். கேள்விப்பட்டது எதையும் சேர்க்கவில்லை. ஒரு தெருவுக்கு வந்துவிட்டது என்று எழுதி அது பொய்யாக இருந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். தூங்கியிருக்கக் கூடாதவர்.

ரியாதில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருவர் எழுதியிருந்தார். "மானோங் (அண்ணா), அம்மாவுக்கு ஆஸ்துமா. நெபுலைசர் கரண்டில் ஓடுவது. ஹாரோ பிளாசாவுக்குப் பின்னால் வீடு. யாரையாவது பார்த்துவரச் சொல்ல முடியுமா?" ஹாரோவில் டிரைசிக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவரைப் பேரங்காடி வாசலில் பிடித்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் மருந்து பிடித்துவிட்டு, அந்த அம்மா வாசலில் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சாட்சிக்கு ஒரு படமும் எடுத்து வந்திருந்தார். உடனே அனுப்பிவைத்தேன்.

ஜனவரி 6, சனி

நேற்று மின்சாரம் முழுதாகத் திரும்பிவிட்டது. வந்த கூட்டமும் வடிந்துவிட்டது. ஆனால் முழுக்க வடியவில்லை; மின்தடைக்காக வந்தவர்களில் ஒரு பகுதியினர் வேறு பக்கங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாலைகள், சந்தை, பள்ளிக்கூடங்கள்.

பொழுதுபோக்குக்காக இந்தத் தளத்தைத் தொடங்கியபோது என் மனத்தில் இருந்த வாசகர் சுற்றுலாப் பயணிதான். அவருக்காகத்தான் மோலோ தேவாலயத்துத் தூண்களில் நிற்கும் பதினாறு பெண் புனிதர்களைப் பற்றியும், காயே ரியால் தெருவின் பழைய கடை முகப்புகளைப் பற்றியும் எழுதினேன். அவற்றை எழுதியதில் மகிழ்ச்சிதான். ஆனால் சுற்றுலாப் பயணி ஒருமுறை வருகிறார், அறை எடுக்கிறார், பாட்சோய் நூடுல்ஸ் சூப் சாப்பிடுகிறார், போய்விடுகிறார். திரும்பத் திரும்ப வருகிறவர் இந்த ஊரில் பிறந்து வெளியே போனவர்.

இந்த ஊரின் சரித்திரமே அப்படி. 1855-இல் துறைமுகம் உலக வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு நிக்கோலஸ் லோனி என்ற பிரிட்டிஷ் துணைத்தூதர் வந்து இறங்கினார். நெசவு ஊராக இருந்தது சர்க்கரை ஏற்றுமதி ஊராக மாறியது. அவர் பெயரில்தான் இன்றும் ஆற்றங்கரைத் துறை இருக்கிறது. சர்க்கரைக் கப்பல்கள் போய்விட்டன, இப்போது கப்பலுக்கு ஆள் போகிறது. 1948-இல் தொடங்கிய ஜான் பி. லாக்சன் கடல்சார் கல்வி நிறுவனம் முதலாக, மாலுமிகளை உருவாக்குவதே இங்கே ஒரு பெரிய தொழில். வெள்ளைச் சீருடையில் மாணவர்கள் ஜீப்னி சிற்றுந்தில் ஏறாத காலை இந்த ஊருக்குக் கிடையாது.

இனிமேல் எழுதுவது இங்கிருந்து வெளியே போனவர்களுக்கு.

ஜனவரி 29, திங்கள்

நேற்று டினாக்யாங். செபுவிலிருந்து குழந்தை இயேசுவின் சிலைப் பிரதி 1968-இல் இங்கே வந்தபோது தொடங்கிய விழா. முரசுச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. தளத்துக்கு வருடத்திலேயே அதிகக் கூட்டம் வரும் வாரம் இது. நாளை மறுநாள் யாரும் இருக்கமாட்டார்கள், அதுவும் தெரிந்ததுதான்.

நடனக் குழுக்களின் படங்களை இந்த ஆண்டு நான் போடவே இல்லை. என்னைவிட நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். எந்தச் சாலையை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், மூடினால் ஜீப்னி எந்த வழியாகச் சுற்றும், விமான நிலையத்துக்குப் போகிறவர் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று மூன்று வாரம் முன்பே ஒரு பக்கம் எழுதிவைத்தேன். விமான நிலையம் 2007-இலேயே நகரத்தை விட்டுக் கபாதுவானுக்குப் போய்விட்டது என்பது, வெகுகாலம் கழித்து ஊருக்கு வருகிறவர்களுக்கு நினைவிருப்பதில்லை. விழா வாரத்தில் அதிகம் பேர் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஹாரோவில் மெழுகுவர்த்தி அன்னையின் திருநாள். 1981-இல் இரண்டாம் ஜான் பால் தாமே வந்து முடிசூட்டிய சிலை. கூட்டத்தில் நகரவே முடியவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் பேராலயம், அந்தப் பக்கம் மணிக்கூண்டு. நடுவே நின்று ஒரு படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

இந்தத் தளத்தில் வருடம் முழுக்க ஒரே சீராகப் படிக்கப்படும் பக்கம் ஒரு சமையல் குறிப்பு என்பதை இன்று உட்கார்ந்து பார்த்தபோது கண்டுகொண்டேன். கடியோஸ், பாபோய், லங்கா: துவரை, பன்றிக்கறி, பலாக்காய் மூன்றும் சேர்ந்த குழம்பு. இந்த ஊர் மக்களான இலோங்கோக்காரர்களின் வீட்டுச் சாப்பாடு. துவரை என்றால் உடைத்த பருப்பு இல்லை, தோலோடு முழுசாக. அதன் சாயம் இறங்கிக் குழம்பு மங்கலான ஊதா நிறத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் அது வேறு குழம்பு. புளிப்புக்குப் பட்வான் என்ற பச்சைக் காய். இங்கே சந்தையில் குவியல் குவியலாகக் கிடைக்கும், கடல் தாண்டினால் கிடைக்காது.

முதலில் ஊரில் செய்கிற முறையைத்தான் எழுதியிருந்தேன். படிப்பவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: பட்வானுக்குப் பதில் என்ன? எலுமிச்சை சரிப்படாது, அதன் வாசம் துவரையோடு சண்டை போடும். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர்தான் வழி சொன்னார். மலையாளிகள் நடத்தும் மளிகைக் கடையில் குடம்புளி வாங்கி, ஊறவைத்துப் போட்டிருக்கிறார். அதே கடையில் முழுத் துவரையும் டின்னில் அடைத்த பலாக்காயும் கிடைத்ததாம். பட்வானும் குடம்புளியும் ஒரே பேரினத்து மரங்கள், ஆகவே புளிப்பும் ஒரே ஜாதி. பக்கத்தில் அதைச் சேர்த்தேன், எந்த மாதிரிக் கடையில் கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்து. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்.

சென்ற அக்டோபரில் யுனெஸ்கோ இலோயிலோவை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஊர். எல்லாரும் பெருமையோடு எழுதினார்கள், நானும் எழுதினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை அறையில் இந்தக் குழம்பு கொதிக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

மார்ச் 14, வியாழன்

வாசகரைப் பெருக்குவது பற்றிப் படிக்கக் கிடைக்கும் யோசனைகள் எல்லாம், இணையம் என்றால் எல்லாருக்கும் எல்லாமே திறக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இங்கே நிலைமை வேறு. 2013-இல் குளோப் கைபேசி நிறுவனம் ஃபேஸ்புக்கைக் கட்டணமில்லாமல் பார்க்கவிட்டது; 2015-இல் ஸ்மார்ட் நிறுவனமும் அந்த வழிக்கு வந்தது. போனில் லோடு (முன்கட்டணம்) தீர்ந்தவருக்கும் ஃபேஸ்புக் திறக்கும். ஆனால் அந்த இலவச வழியில் எழுத்து மட்டும்தான், படம் தெரியாது. இணைப்பை அழுத்தினால் காசு கேட்கும். அங்கேயே நின்றுவிடுவார்கள்.

"விவரம் அறிய இங்கே அழுத்தவும்" என்று ஒரு வரி போட்டு இணைப்பைத் தருவது, காசில்லாதவர் முகத்தில் கதவைச் சாத்துவது. எனக்கு அது பிடிக்கவில்லை. படகு நேரமோ சாலை அடைப்போ, எதுவானாலும் முழு விவரத்தையும் எழுத்தாகவே ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறேன். தளத்துக்கு வராமலே அவர் வேலை முடிந்துவிடும். என் கணக்கில் ஒரு வருகை குறையும், குறையட்டும். லோடு போட்ட அன்று அவரே தளத்தைத் தேடி வருகிறார். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

தளத்திலும் பக்கங்களை இளைக்கவைத்திருக்கிறேன். தானாக ஓடும் வீடியோ கிடையாது. படங்களைச் சுருக்கித்தான் ஏற்றுவேன். நடுக்கடலில் செயற்கைக்கோள் இணைப்பில் பார்ப்பவருக்கும், மலையோரக் கிராமத்தில் பழைய போனில் பார்ப்பவருக்கும் அது திறந்தாகவேண்டும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஜீப்னி ஓட்டுநர்கள் கூட்டுறவுகளில் சேர அரசு கொடுத்த கடைசிக் கெடு இன்று. டிசம்பரிலிருந்து ஜனவரிக்கும், ஜனவரியிலிருந்து இன்றைக்கும் தள்ளிவந்த கெடு. எந்தத் தடத்தில் எந்த வண்டி தொடர்ந்து ஓடும் என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தடங்களின் பக்கத்தை நடந்தும் ஏறியும்தான் சரிபார்க்கிறேன்.

போன வாரம் ஒரு கப்பலிலிருந்து கடிதம் வந்தது. அரெவாலோக்காரர், என்ஜின் அறையில் வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் நாளிருக்கிறது. "மானோங், தேவாலயம் எல்லாம் பார்த்தாயிற்று. அரெவாலோவிலிருந்து மோலோ வழியாக டவுன் போகிற ஜீப்னியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்ன தெரிகிறதோ அதை எடுத்துப் போடுங்கள்."

இன்று காலை அதைத்தான் செய்தேன். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கை. அங்கே உட்கார்ந்தால் கைவேலை அதிகம்: பின்னாலிருந்து கைமாறி வரும் சில்லறையை வாங்கி ஓட்டுநரிடம் கொடுக்கவேண்டும், மீதியை அதே வழியில் திருப்பி அனுப்பவேண்டும். குறைந்த கட்டணம் 13 பெசோ. யாரிடமிருந்து வந்த இருபது, யாருக்குப் போகும் ஏழு என்று ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. பூக்கடைகள், டயர் கடை, பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளோடு பேக்கரி, மோலோ பிளாசாவின் மரங்கள், இரண்டு கூர்கோபுரங்கள். வண்டி நிற்கவேண்டிய இடம் வரும்போது உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல்: "லுகார் லாங்." இந்த ஊர்ப் பேச்சில் எல்லாமே தாலாட்டுகிற சாயலில்தான் வரும், வண்டியை நிறுத்தச் சொல்வதுகூட. அந்தக் குரல் மட்டும் விழும்படி சின்ன ஒலிப்பதிவு ஒன்றையும் படங்களோடு சேர்த்தேன்.

மாலைக்குள் தளம் நிறைந்துவிட்டது. டினாக்யாங் வாரத்தையும் மின்தடை நாட்களையும் தவிர இப்படி நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் தடம் வேண்டுமாம்: லா பாஸ், உங்கா, லெகானெஸ். எல்லாவற்றிலும் ஏறத்தான் போகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

2008-இல் இதே நாளில் ஃப்ராங்க் புயல். டிகும், அகானான் ஆறுகள் சேர்ந்துதான் ஹாரோ ஆறு ஆகிறது. அன்று மூன்றும் கரை மீறின. சேறு வடிய வாரக்கணக்கானது. ஹாரோவில் இன்னும் சில வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது, வெள்ளையடித்தும் போகாமல்.

அந்தக் கோடுகளைத் தேடிப் போய்க் குறித்துவருகிறேன். வீட்டுக்காரரைக் கோட்டருகே நிற்கவைத்துப் படம்; தண்ணீர் இடுப்பளவா, கழுத்தளவா, கூரையா என்று ஒரு வரி; வீட்டு எண் இல்லாமல் தெருப்பெயர் மட்டும். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே மனை வாங்குகிறவர்கள், தரகர் சொல்லாத இந்த ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பணம் கட்டுவதற்கு முன்.

ஜூலை 23, செவ்வாய்

வெளிநாட்டுச் சூதாடிகளுக்காக இங்கிருந்து நடத்தப்படும் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் எல்லாவற்றையும் வருட முடிவுக்குள் மூடவேண்டும் என்று அதிபர் நேற்று அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால், இன்று காலையிலும் வழக்கமான கடிதம் ஒன்று வந்திருந்தது. ஏதோ ஒரு முகவர். என் பழைய கட்டுரைகளுக்கு நடுவே ஒரு சூதாட்டத் தளத்தின் இணைப்பைச் செருகினால் மாதாமாதம் டாலர். தளம் வளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் இப்படியும் வருகிறது.

சர்வர் கட்டணம் ஏறியிருக்கிறது, பணம் தேவைதான். ஆனால் கப்பலில் தனியாக இருக்கும் பையன் ஊர் ஜீப்னியைப் பார்க்க வருகிற பக்கம் இது. அவன் சம்பளத்தைப் பிடுங்கும் வாசலை அதில் நான் வைக்கமாட்டேன். மறுத்து எழுதிவிட்டேன். செலவுக்கு ஒரு பேக்கரிக்காரரிடமும் பெட்டிகளில் சரக்கு அனுப்பித்தரும் கடைக்காரரிடமும் விளம்பரம் பேசியிருக்கிறேன். இருவரும் என் வாசகர்களுக்கு உண்மையிலேயே வேண்டியவர்கள்.

ஆகஸ்ட் 3, சனி

கிமராஸ் தீவுக்குப் போகும் நீரிணையில் 2019-இல் இதே நாளில் மூன்று படகுகள் கவிழ்ந்து 31 பேர் இறந்தார்கள். கால் மணி நேரப் பயணம். வேலைக்கும் சந்தைக்கும் தினமும் போய்வருகிற ஜனங்கள்.

படகு நேரப் பக்கத்தின் மேலே அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குக் கீழே நேரப் பட்டியல். இரண்டுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முதலாக, கடலோரக் காவல்படை இன்று படகை விடுகிறதா நிறுத்தியிருக்கிறதா என்று ஒரே ஒரு வரி வருமாறு பக்கத்தை மாற்றிவிட்டேன். காற்று கூடிய நாளில் அந்த ஒரு வரியைப் பார்க்க மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் வரட்டும், மற்றதைப் படிக்காமல் போகட்டும்.

பரோலா துறையில் முதல் படகின் நேரம் மாறிவிட்டதாக டிக்கெட் கொடுக்கும் பெண் சொன்னார். பலகையில் இன்னும் பழைய நேரம்தான் இருக்கிறது. நாளை விடியுமுன் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாற்றவேண்டும்.