விளிம்பில் தெரிந்த படிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய அறைத்தோழன் ஃபோன் செய்தான். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "பொண்ணுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கணும்டா. பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா? எதுல படம் நல்லாருக்கும்?" என்று கேட்டான்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அவன் கேட்டதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏன் என்று சொல்ல பத்து வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

2014-இல் நாங்கள் மூன்று பேர் துரைப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். மூன்று பேருக்கும் ஓஎம்ஆரில்தான் வேலை. ஹாலில் ஒரு 32 இன்ச் டிவி. வீட்டு ஓனர் விட்டுவிட்டுப் போனது. அதன் ஓரத்தில் வெள்ளிக் கலரில் 'ஹெச்டி ரெடி' என்று ஒரு ஸ்டிக்கர். அதைக் கிழிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் அர்த்தம் என்ன என்று யோசிக்கவும் தோன்றவில்லை. அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு வந்தது. விலை 39,990 ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இஎம்ஐ போட்டு வாங்கினேன். எக்ஸ்பாக்ஸ் ஒன் இங்கே வர செப்டம்பர் ஆனது. அதை அவன் வாங்கினான். அவனுக்குக் கார் பைத்தியம். மாமாவின் மாருதி 800-இல் பதினைந்து வயதிலேயே தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகியவன். 'ஃபோர்ஸா ஹொரைஸன் 2' என்ற கார் ஆட்டம் அந்த மாதக் கடைசியில் வருகிறது, அது எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் ஓடும். அவன் வாங்க வேறு காரணமே தேவைப்படவில்லை.

பெட்டியைப் பிரித்து டிவியில் மாட்டிய அன்று இரவு நான் சொன்ன முதல் வாக்கியம், "வந்துருச்சுடா 720பி பொட்டி!" மூன்று பேரும் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான்.

அந்தக் கிண்டல் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. முந்தைய வருடம் இரண்டு கன்சோல்களும் அமெரிக்காவில் வெளியாகும் முன்பே, 'கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள்: பிளேஸ்டேஷன் 4-இல் அது 1080பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி, டிவிக்கு அனுப்பும்போது பெரிதாக்கி அனுப்பும். 'பேட்டில்ஃபீல்ட் 4' பிளேஸ்டேஷனில் 900பி, எக்ஸ்பாக்ஸில் 720பி. இந்த எண் திரையில் எத்தனை கிடைவரிசைப் புள்ளிகள் என்பதைச் சொல்வது. 720பி என்றால் 1280-க்கு 720, மொத்தம் 9,21,600 புள்ளிகள். 1080பி என்றால் 1920-க்கு 1080, மொத்தம் 20,73,600. சரியாக 2.25 மடங்கு. விற்கும் விலையோ கிட்டத்தட்ட ஒன்றுதான். எக்ஸ்பாக்ஸ் அமெரிக்காவில் ஆரம்பத்தில் நூறு டாலர் கூடுதலாகவே இருந்தது. இணையம் சும்மா இருக்குமா?

என் தொழில் சாஃப்ட்வேர் என்பதால் எனக்கு எண் மட்டும் போதவில்லை, காரணமும் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு இதைப் படித்தேன். இன்றைக்கும் எனக்கு அந்தக் காரணம் அழகாகத்தான் தெரிகிறது.

இரண்டு கன்சோலிலும் ஒரே நிறுவனம் செய்த, கிட்டத்தட்ட ஒரே குடும்பத்துச் சிப்தான். ஆனால் படம் வரையும் பகுதி பிளேஸ்டேஷனில் 1.84 டெராஃப்ளாப்ஸ், எக்ஸ்பாக்ஸில் 1.31. வகுத்தால் 1.4 வரும். 1080பி-யின் புள்ளிகளை 900பி-யின் புள்ளிகளால் வகுத்தால் 1.44. அந்தத் தலைமுறையில் 'அங்கே 1080, இங்கே 900' என்ற ஜோடி ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதற்குப் பாதி விடை இந்த வகுத்தலிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி மெமரியில். பிளேஸ்டேஷனில் 8 ஜிபியும் ஒரே வேகமான மெமரி, நொடிக்கு 176 ஜிபி தரும். எக்ஸ்பாக்ஸிலும் 8 ஜிபிதான், ஆனால் சாதாரண டிடிஆர்3. நொடிக்கு 68 ஜிபி. அந்தக் குறையை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே 32 எம்பிக்கு ஒரு குட்டி, அதிவேக மெமரி வைத்தார்கள். அடுப்பு மேடை மாதிரி. ஸ்டோர் ரூம் தூரத்தில் இருக்கிறது, சமைக்கும்போது கைக்கு வேண்டியதை மேடையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மேடை எவ்வளவு பெரிது என்பதுதான் பிரச்சினை. அப்போதைய ஆட்டங்கள் பலவும் ஒரே காட்சியை நிறம், திசை, பளபளப்பு என்று நான்கைந்து தாள்களில் வரைந்து வைத்துக்கொண்டு, கடைசியில் வெளிச்சம் சேர்க்கும். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், 1080பி-யில் ஒரு தாள் கிட்டத்தட்ட 7.9 எம்பி. ஐந்து தாள்களுக்கு 39.5 எம்பி. 32-க்குள் அடங்காது. அதே ஐந்து தாள்கள் 900பி-யில் 27.5 எம்பி. மேடையில் இடமும் மிச்சம் இருக்கும்.

இதை நான் ஒரு நோட்டில் கணக்குப் போட்டு அவனிடம் காட்டினேன். "பாரு, உன் பொட்டியில மேடை சின்னது." அவன் மெக்கானிக்கல் படித்தவன். கணக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "சரிதான்" என்றான். பிறகு மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்த ஆட்டத்தில் இத்தாலியின் வடக்கும் ஃபிரான்ஸின் தெற்கும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மழை பெய்து, ரோடு நனைந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கு அதில் நீளமாக விழும். "இதப் பாருடா, இதப் பாரு" என்பான். நான் பார்த்தேன். மரத்தின் விளிம்பைப் பார்த்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு புது வித்தை கைவந்திருந்தது. 'டிஜிட்டல் ஃபவுண்ட்ரி' போன்றவர்கள் ஓர் ஆட்டத்தின் உண்மையான புள்ளிக்கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படித்திருந்தேன். திரையில் கொஞ்சம் சாய்வான ஒரு நேர்கோட்டைத் தேட வேண்டும்: கூரையின் ஓரம், கரண்ட் கம்பி, துப்பாக்கிக் குழல். பெரிதாக்கிப் பார்த்தால் அது கோடாக இருக்காது, படிக்கட்டாக இருக்கும். படம் 1080 வரிசையில் வருகிறது. அதில் 60 வரிசை உயரத்துக்குள் 60 படி இருந்தால் அது அசல். 50 படிதான் இருந்தால் 900பி-யில் வரைந்து இழுத்தது. 40 படி என்றால் 720பி. எளிமையான கணக்கு, ஏமாற்ற முடியாத கணக்கு. ஆனால் இந்த வித்தையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தடவை கண்ணுக்குப் பழகிவிட்டால் திரையில் வேறெதுவும் தெரியாது. மழை தெரியாது. படிதான் தெரியும்.

அதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். டிவிக்கு ஓரடி முன்னால் உட்காரவைத்து, "இங்க பாரு, இந்தக் கூரை ஓரத்துல, தெரியுதா?" என்று விரலை வைத்துக் காட்டினேன். முதலில் தெரியவில்லை என்றான். பிறகு தெரிகிறது என்றான்.

நவம்பரில் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' வந்தது. ஃபிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ், தெரு முழுக்க ஆயிரக்கணக்கில் ஜனம். அது வெளியாகும் முன்பே சண்டை. இரண்டு கன்சோலிலும் 900பி-தான், நொடிக்கு 30 ஃபிரேம்தான் என்று அறிவித்திருந்தார்கள். வீண் விவாதங்களைத் தவிர்க்கவே இரண்டிலும் ஒரே அளவு வைத்தோம் என்கிற தொனியில் தயாரிப்பாளர் ஒருவர் பேசிவிட, பிளேஸ்டேஷன்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் கன்சோலை வேண்டுமென்றே கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நானும் கொதித்தேன். ஆட்டம் வந்ததும் ஒப்பீட்டு வீடியோவைத் தேடிப்பிடித்து, தம்பி இப்போது பார் என்று அவனையும் உட்காரவைத்துப் போட்டேன்.

வீடியோவில் இரண்டு வரைகோடுகள் ஓடின. கூட்டம் நிறைந்த தெருக்களில் இரண்டுமே 30-க்குக் கீழே சரிந்தன. ஆனால் பிளேஸ்டேஷன் கோடுதான் கூடுதலாகச் சரிந்தது.

காரணம், அங்கே தடை படம் வரைவதில் இல்லை. அத்தனை ஜனமும் எங்கே நடக்க வேண்டும், யாரைப் பார்த்து ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவது சிபியுவின் வேலை. எக்ஸ்பாக்ஸ் சிபியுவின் வேகம் 1.75 கிகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷனுடையது 1.6. ஒன்பது சதவீத வித்தியாசம். இதையும் நான் எங்கோ படித்திருந்தேன். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வீடியோ முடிந்ததும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மூன்று டீ போட்டுக்கொண்டு வந்தான். திருப்பிக் கிண்டல் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகு எனக்கு ஒன்று புரிகிறது. புள்ளிக்கணக்கு எளிதில் சண்டைக்கு வருகிறது, ஏனென்றால் அது ஒற்றை எண். ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். கைக்குத் தெரிவது வேறு: நேரம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை முடிக்க 16.7 மில்லிசெகண்ட். 30 என்றால் 33.3. டிவி ஒரு நிலையான தாளத்தில் படத்தை வாங்கிக்கொள்கிறது. 17 மில்லிசெகண்ட் ஆகிவிட்டால், 'கொஞ்சம்தானே லேட்' என்று அது காத்திருக்காது. பஸ்ஸை நூலிழையில் விட்டவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, அந்தப் படம் 33-வது மில்லிசெகண்டில்தான் ஏறும். சராசரி எடுத்தால் இது மறைந்துவிடும். நொடிக்கு 30 படம் சீராக வந்தாலும் 30, தட்டுத் தடுமாறி வந்தாலும் 30. கட்டைவிரலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். சர்வர் வேலையிலும் இதே கதைதான்: சராசரி வேகம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் போடுவோம், நூற்றில் ஒருவர் பத்து நொடி காத்திருப்பார். அவர் கதை ரிப்போர்ட்டில் வராது.

எண்ணும் நிலையாக இருக்கவில்லை. எக்ஸ்பாக்ஸ் தன் படம் வரையும் திறனில் பத்து சதவீதத்தைக் கினெக்ட் கேமராவுக்காக ஒதுக்கி வைத்திருந்தது. 2014 ஜூனில் அதை ஆட்டங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் வந்த 'டெஸ்டினி' இரண்டு கன்சோலிலும் 1080பி. நான் '720பி பொட்டி' என்று சொல்லிச் சிரித்தபோதே அந்தக் கிண்டல் பழசாகியிருந்தது.

2015 ஏப்ரலில் வீட்டைக் காலிசெய்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்பே அவன் எக்ஸ்பாக்ஸை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்றுவிட்டிருந்தான். வேலை அதிகம், விளையாட நேரமில்லை என்றான். நம்பினேன். காலிசெய்யும் நாளில் டிவியைச் சுவரிலிருந்து கழற்றும்போது அதன் முதுகில் இருந்த மாடல் எண்ணைச் சும்மா தேடிப் பார்த்தேன். திரை: 1366-க்கு 768.

'ஹெச்டி ரெடி' என்றால் அதுதான். 1080பி சிக்னலை வாங்கிக்கொள்ளும். காட்டுவது என்னவோ 768 வரிசைதான். ஒரு வருடமாக நான் தோள்தட்டிக்கொண்ட 1080 அந்த ஹாலுக்குள் ஒருநாளும் வந்ததே இல்லை. வித்தியாசம் சுத்தமாக இருந்திருக்காது என்று சொல்லவில்லை. பெரிய படத்தைச் சுருக்கினால் கொஞ்சம் வழவழப்பு வரும், சின்னப் படத்தை இழுத்தால் கொஞ்சம் மங்கும். ஆனால் இரண்டுமே சொந்த உருவத்தில் அந்தத் திரைக்கு வரவில்லை. சுருக்கிக் காட்டும்போது டிவி தன் பங்குக்கு விளிம்புகளைக் கடித்து வைக்கும். நான் விரல் வைத்துக் காட்டிய படி யாருடையது? அந்த யோசனை அப்போது எனக்கு முழுதாக வரவில்லை. ஓனர் டிவியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஃபோனில் அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், "அன்னிக்கு அந்த எக்ஸ்பாக்ஸ ஏன்டா வித்த?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "நீ காட்டினதுக்கு அப்புறம் அந்தக் கூரை ஓரம் மட்டும்தான்டா தெரிஞ்சுது. ரோட்டப் பாக்கவே முடியல. எதுக்கு வெச்சிருக்கணும்னு தோணுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னான். கோபம் இல்லை.

அவனிடம் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. 'ஃபோர்ஸா ஹொரைஸன் 2' 900பி இல்லை, 720பி-யும் இல்லை. அது எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 1080பி. அதற்கும் மேலே, விளிம்பில் விழும் ஒவ்வொரு புள்ளியையும் நான்கு இடத்தில் சோதித்து வழவழப்பாக்கும் முறையும் அதில் உண்டு. அந்தக் காலக் கன்சோல் ஆட்டங்களில் அவ்வளவு சுத்தமான விளிம்புகள் அபூர்வம். குட்டி மேடையை வைத்துக்கொண்டே அதைச் செய்து காட்டியிருந்தார்கள். நான் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. எனக்கு எந்த ஆட்டத்தையும் விட கன்சோலின் எண்தான் முக்கியமாக இருந்தது.

சொன்னேன்.

"அப்ப நான் பாத்த படி?"

"பெரும்பாலும் ஓனர் டிவியோடது."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடா" என்றான். அன்றைக்கு எனக்கே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அது பதில் ஆகாது என்பதால் சொல்லவில்லை.

இப்போதைய கன்சோல்களுக்கும் என்னிடம் எண்கள் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 12.15 டெராஃப்ளாப்ஸ், பிளேஸ்டேஷன் 5 10.28. இந்த முறை எண்ணில் எக்ஸ்பாக்ஸ் மேலே. ஆனாலும் 2020-இல் வந்த முதல் ஆட்டங்களில் சில பிளேஸ்டேஷனில்தான் சீராக ஓடின. இன்றைய ஆட்டங்கள் பலவும் காட்சிக்குக் காட்சி புள்ளிக்கணக்கை மாற்றிக்கொள்கின்றன, முந்தைய படங்களிலிருந்து புள்ளிகளைக் கடன் வாங்கி நிரப்புகின்றன. படி எண்ணுவதே இப்போது கஷ்டம். எந்த ஆட்டத்துக்காக அவன் அன்று எக்ஸ்பாக்ஸ் வாங்கினானோ, அந்த வரிசையின் ஐந்தாம் பாகம் 2025-இல் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது.

இதில் எதையும் அவனிடம் சொல்லவில்லை. "பாப்பாவுக்கு எந்த ஆட்டம் பிடிச்சிருக்குன்னு கேளு. அவ ஃபிரெண்ட்ஸ் எதுல விளையாடுறாங்கன்னு கேளு. அதையே வாங்கு. ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

"அவளும் கார்தான்டா கேக்குறா" என்றான். பிறகு, "எத்தனை பி?" என்று கேட்டான்.

சிரித்துக்கொண்டே கேட்டானா என்று ஃபோனில் தெரியவில்லை.