மேசைமேல் ஒரு தோட்டம்

உழைப்பைப் பற்றி நம்மவரிடையே பேச்சு மிகுதி. ஓய்வைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. உழைத்த நேரத்திற்குத் தக்க கூலி எங்கே என்று கேட்கும் துணிவைத் தொழிற்சங்கங்கள் நமக்கு ஊட்டின. ஆயின், ஓய்ந்திருக்கும் நேரம் எவருடையது, அதனை ஒருவர் நுகர்வதற்காக மற்றொருவர் இழந்தது யாது என்று நம் வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் துணிவு இன்னும் பிறக்கவில்லை. இக்கேள்வியை நமக்குக் கற்பித்தது பெருநூல் எதுவுமன்று. கட்டைவிரலின் மேற்கணு அளவே உயரமுள்ள ஓர் ஈயப் பொம்மை. அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

ஈப்போவில் நம் இல்லத்தின் சன்னலோரத்தே ஒரு மரத்தட்டும், நீரில் கரையும் வண்ணக் குப்பிகள் சிலவும், நுனி மயிர்போல் மெலிந்த தூரிகைகள் மூன்றும் இருக்கும். உலோகத்தில் வார்த்த சிற்றுருவங்களை வாங்கி, அராவிச் செம்மை செய்து, வண்ணந் தீட்டி, மேசைமேல் காடும் வீடும் பாலமும் அமைத்து அவற்றை நிறுத்துவது, நாம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்றுவரும் பொழுதுபோக்கு. மேலைநாடுகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பார் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியபின், அவை எளிய விலைக்குக் கிடைக்கலாயின. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் இவ்வீரர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். இன்றும் உலகெங்கும் இவற்றிற்கு வண்ணந் தீட்டுவோரும், பகடை உருட்டி இவற்றைக்கொண்டு மேசைமேல் ஆடுவோரும் பலர்.

“இது வெள்ளைக்காரர் விளையாட்டு, பால்மரம் வெட்டி வளர்ந்தவனுக்கு இஃதெதற்கு?” என்று நண்பர் பலர் நகைத்ததுண்டு. அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. இச்சிற்றுருவங்களை வார்க்கும் முறையைச் சற்று நோக்குக. மூல உருவத்தை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து, அழுத்தி, வெப்பமூட்டுவர். கந்தகங் கலந்த ரப்பர் சூட்டில் இறுகி, உருவத்தின் ஒவ்வொரு மடிப்பையும் தன்னிற் பதித்துக்கொள்ளும். பின்னர் அவ்வச்சைச் சுழலவிட்டு நடுவிலே உருக்கிய உலோகத்தை ஊற்றினால், அது விசையால் ஓரம் நோக்கிப் பாய்ந்து ஒவ்வொரு குழியையும் நிரப்பும். அவ்வுலோகத்தின் முதன்மைப் பொருள் வெள்ளீயம். 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுவதால் அது ரப்பர் அச்சைக் கருக்குவதில்லை.

ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் ஈயம். இவ்விரண்டும் எந்த மண்ணின் விளைவு? கிந்தா பள்ளத்தாக்கு உலகத்தின் பெரிய ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியதை ஈப்போவாசிகள் அறிவர். பத்து காஜாவுக்கு அருகே, 1938இல் கட்டப்பெற்ற மாபெரும் மண்வாரிக் கப்பல் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கின்றது. ரப்பரோ எனில், 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளுள் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டனர். அவற்றுள் ஒரு மரத்தை இன்றும் காணலாம். ஆக, இச்சிற்றுருவக் கலை பிறந்த இடம் ஐரோப்பாவாயினும், அதன் ஊனும் அச்சும் பேராக் மண்ணில் நம்மனோரும் சீனத் தோழரும் வியர்வை சிந்தி எடுத்த பொருள்களே. ஈயம் எடுத்தவன் ஈய வீரனைக் கண்டதில்லை. பால் எடுத்தவள் அச்சைக் கண்டதில்லை. நாம் கண்டு கையில் எடுத்ததில் குற்றம் என்னை?

நாம் பிறந்தது சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தின் லயத்தில். அங்கே பொம்மைக் கொலு கண்டதில்லை. கால்வாயோரக் களிமண்ணில் காளை செய்வோம். ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். மழைக்குக் காளை கரையும். மறுநாள் மீண்டும் செய்வோம். பின்னர்ப் பால்மரங்கள் வீழ்ந்தன, செம்பனை எழுந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயங்கள் ஒவ்வொன்றாய் வெறிச்சோடின. 1985இல் ஈய விலை சரிந்தபின் ஈப்போவிலும் வேலை அருகிற்று. எனினும், போக்கிடம் வேறில்லாமையால் 1996இல் நாமும் நகரம் புகுந்தோம். அச்சகம் ஒன்றில் நம்மோடு வேலை பார்த்த சீன நண்பர், தாம் சிங்கப்பூர் செல்லுங்கால், ஈய வீரர் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்றை நம்மிடம் விட்டுச்சென்றார். களிமண் காளையை மறந்த கைகளுக்கு அன்று மீண்டும் வேலை கிடைத்தது.

அதனைக் காத்துவந்தது எளிதன்று. மூன்று வாடகை வீடுகள் மாறினோம். மகள் பிறந்தாள், அன்னையார் நோயுற்றார், அச்சகம் மூடப்பெற்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் பலவற்றை விட்டொழித்தோம். பிஸ்கட் டின் மட்டும் உடன்வந்தது. ஈப்போவின் பிற்பகல் மழையில் காற்று ஈரமுற்றால் அடிப்பூச்சு வெண்புகைபோல் பூத்துவிடும்; அதனால் காலைநேரம் பார்த்துப் பூசுவோம். நள்ளிரவில் விளக்கைத் துணிகொண்டு மறைத்து வேலை செய்வோம். இவ்வாறெல்லாம் காத்ததை நம் விடாமுயற்சி என்று எண்ணி நெடுநாள் இறுமாந்திருந்தோம்.

முதலில் அவ்வெண்ணத்தை அசைத்தவர் நம் அன்னையார். ஒருநாள் வீரர் இருபதின்மரை வரிசையாய் நிறுத்திவைத்திருந்தோம். அவர் நெடுநேரம் நோக்கினார். “இவர்களை எதற்கப்பா வீட்டுக்குள் கொண்டுவந்தாய்?” என்றார். மறுமொழிக்குக் காத்திராமல் தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அகன்றார். ஜப்பானியர் ஆட்சியில், 1943இல், சயாம் இரயில் பாதை போடுவதற்கென்று தோட்டத்திலிருந்து லாரியேற்றப்பட்டவர்களுள் அவருடைய மூத்த தமையனாரும் ஒருவர். அவர் திரும்பவில்லை. அங்ஙனம் திரும்பாத தமிழர் பல்லாயிரவர். மேசைப்போர் ஆடுவோன் மெய்ப்போரின் மடமையை உணர்வான் என்று வெல்ஸ் நம்பினார். அவர் நூல் வெளிவந்த மறு ஆண்டே பெரும்போர் மூண்டது. அன்னையாருக்கு அந்நூல் வேண்டியதில்லை. அன்றே வீரர்களை டின்னுக்குள் இட்டு மூடினோம்.

போர்வீரர் வேண்டா எனின், வேறு யார்? பால்மரம் வெட்டுவோரை வடிப்பதென்று முடிவு செய்தோம். வீரன் ஒருவனின் துப்பாக்கியை அரிந்தெறிந்து, களிம்புகொண்டு முக்காடும் தலைவிளக்கும் அமைத்து, கையில் ஊசிமுனையால் ஆன கத்தியைத் தந்தோம். கம்பியால் மரம் செய்து பட்டை போர்த்தினோம். வெட்டுக்கோடும் மங்கும் வைத்தோம். ஒரு திங்கள் உழைத்து முடித்து, துணைவியாரை அழைத்துக் காட்டினோம். பதினாறு வயது முதல் தோட்டத்தை விட்டு வரும்வரையில் பால்மரம் வெட்டியவர் அவர். ஒருமுறை பார்த்தார், சிரித்தார்.

“கோடு தலைகீழாய் இருக்கிறதே! இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே அல்லவா இறங்கவேண்டும்? இப்படி வெட்டினால் பால் எங்கிருந்து வரும்? தண்டல் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பார்.”

உண்மையே. பால்மரப் பட்டைக்குள் பாற்குழாய்கள் நேரே செல்வதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலின் கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சென்றால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும், பாலும் மிகும். பின்னர்ப் புத்தகத்தைப் புரட்டி நாம் அறிந்தது இது. புத்தகமின்றியே அவர் கை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அதனை அறிந்திருந்தது. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய தோல் காயம்படாமல் எத்துணை ஆழம் வெட்டவேண்டும் என்பதும் அக்கைக்குத் தெரியும். இத்தகைய கைவல்லார் ஒருவர் வீட்டிலிருக்க, அவரை ஒரு நாளும் கேளாமல் தோட்டத்தைச் செய்யப் புகுந்தோமே!

“அப்படியானால் நீயே திருத்திக் கொடேன்” என்றோம்.

அவர் சற்று அமைதியாயிருந்தார். பின்பு, “எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? நேரம் இருந்தாலும் இடம் எங்கே இருக்கிறது? இந்தத் தட்டைக் கொஞ்சம் எடுத்தீர்களானால் என் மிஷினை மேலே தூக்கலாம்” என்றார். குரலில் சினமில்லை. அதனாலேயே சுட்டது.

அன்பர்களே, நாம் முன்னே “சன்னலோரத்தே” என்றோமே, அத்தட்டு அமர்ந்திருந்தது எதன்மேல் என்று கூறவில்லை, மறந்தே போயிருந்தோம். அது துணைவியாரின் தையல் மேசை. பொறியை உள்ளே மடக்கிப் பலகையால் மூடிவிட்டால் மேற்புறம் சமமாய் இருக்கும். தோட்டத்திலே சீட்டுக் கட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய பொறி அது. முதல் வாடகை வீட்டில், “இரண்டு நாளைக்கு” என்று சொல்லித் தட்டை அதன்மேல் வைத்தோம். இரண்டு நாள் பதினோராண்டு ஆயிற்று. பழைய வார்ப்புகளில் காரீயமும் கலந்திருக்கும், அது நஞ்சு, சோறுண்ணும் மேசையில் அதனை வைத்தல் தகாது என்று கற்றறிந்து, மிகப் பொறுப்போடு வேறிடம் தேடியவர் நாம்! அவ்வேறிடம் எவருடையது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவு வண்ணந் தீட்டவில்லை, தாளெடுத்துக் கணக்கெழுதினோம். நம் பொழுதுபோக்குக்கு வாரம் எட்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வெட்டு மணியில் அடுப்படியில் நின்றவர் யார்? மகளுக்குப் பாடம் சொன்னவர் யார்? அன்னையாருக்கு மருந்து கொடுத்தவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை. தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, ஆணுக்கு நிகராய் வெட்டி, திரும்பி வந்து மீண்டும் அடுப்பை மூட்டிய பெண்ணுக்கு ஓய்வென்ற ஒன்று அங்கே இருந்ததில்லை. நகரத்துக்கு வந்து அந்நிலை மாறிற்று என்று நினைத்தோம். ஓய்வு வீட்டுக்குள் வந்தது உண்மை. வந்த ஓய்வு முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டோம். தோட்ட முதலாளியைக் குறைகூறும் வாய், தன் வீட்டுக் கணக்கைப் பாராதிருந்தது.

இதற்குப் பரிகாரமாகப் பொம்மைகளைத் தெருவில் எறிந்துவிடலாமா? அவ்வாறு செய்யத்தான் எழுந்தோம், தடுத்தவர் துணைவியார். “எறிந்தால் எனக்கு நேரம் கிடைத்துவிடுமா?” என்றார். துறவு எளிது, பங்கீடு அரிது. மறுநாள் தொட்டு இரவுச் சமையலும் பாத்திரமும் வாரம் நான்கு நாள் நம் பொறுப்பாயின. முதற்கிழமை சோறு குழைந்தது, இரண்டாங்கிழமை அடிப்பிடித்தது, பின்னர்த் தேறினோம். மகளின் பாடம் இருவர்க்கும் பொதுவாயிற்று. எட்டு மணி நேரம் நான்காகச் சுருங்கியது. ஓராண்டில் முடித்த உருவங்கள் பாதியாயின. ஆயினும், வேலை செம்மையுற்றது.

அடுத்து, வேறு மேசை ஒன்று வாங்கினோம். கடைக்காரர், “நல்ல ரப்பர் மரம்” என்றார். பால் வற்றிய மரங்களை முன்னாளில் எரித்தனர். இப்போது அவற்றை அறுத்துப் பதப்படுத்தி நாற்காலியும் மேசையும் செய்து பலநாடுகளுக்கு அனுப்புகின்றனர். துணைவியார் அப்பலகையை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. தையல் மேசை பதினோராண்டு கழித்துத் திறக்கப்பட்டது. பொறிக்கு எண்ணெய் இட்டோம்; வார் அறுந்திருந்தது; மாற்றினோம். மாலைவேளையில் அதன் ஓசை நம் வீட்டில் கேட்கலாயிற்று.

அவர் பொம்மைக்காரர் ஆகிவிட்டார் என்று கூறினால் பொய்யாகும். அவருக்கு அதில் விருப்பமில்லை. அவர் விருப்பம் தையல். எனினும், ஐயம் தோன்றும்போதெல்லாம் கேட்போம், தைத்துக்கொண்டே சொல்வார். மங்கு எந்த உயரத்தில் தொங்கும், வாளியை எந்தத் தோளில் சுமப்பர், மழைநாளில் பெரட்டுக் களத்தில் எவ்விடம் ஒதுங்குவர் என்பனவெல்லாம் அவர் வாயினின்றும் வந்தவையே. மகள் அளவெடுத்து அட்டையில் லயத்தை வெட்டினாள். இப்போது அந்த ரப்பர் மர மேசைமேல் எட்டு வீட்டு லயம் ஒன்றும், தண்ணீர்க் குழாயும், ஆயாக்கொட்டகையும், நாற்பது மரங்களும் நிற்கின்றன. எல்லா மரங்களிலும் கோடு இடமிருந்து வலம் இறங்குகின்றது.

நாம் பிறந்த லயம் இன்றில்லை. அவ்விடத்தில் புது வீடுகள் எழுந்துவிட்டன. தோட்டத்துப் பழைய அண்டை வீட்டார் எவரேனும் ஈப்போ வந்தால் மேசையைக் காண அழைப்போம். அன்றொருநாள் வந்த பாட்டியார் ஒருவர் மூன்றாம் வீட்டைத் தொட்டு, “இது எங்கள் வீடு, வாசலிலே முருங்கை இருந்ததே, அது எங்கே?” என்று கேட்டார். மறுவாரம் முருங்கை நட்டோம்.

தோழர்களே, பொழுதுபோக்கு வீண் என்று கூறுவார் சொல்லைக் கேளாதீர். கள்ளுக்கடைப் பலகையைத் தவிர வேறு ஓய்விடம் அறியாதிருந்த நம் இனத்துக்குக் கைக்கும் கண்ணுக்கும் இன்பந்தரும் வேலை ஒன்று வேண்டும். பொம்மையோ, தோட்டமோ, இசையோ, எதுவாயினும் கைக்கொள்க. குடும்பம் மாறினும் ஊர் மாறினும் விடற்க. ஆயின், தொடங்குமுன் உம் தட்டு எதன்மேல் இருக்கிறது என்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அதன் கீழே எவருடைய பொறியாவது மூடிக்கிடந்தால், முதலில் அதனைத் திறந்துவிடுக.