07:30 உடன் 40 ஐக் கூட்டினால்

ஜாவாஸ்கிரிப்டில் "07:30" உடன் 40 ஐக் கூட்டினால் வரும் விடை "07:3040".

எங்கட ஐ.சி.டி. கழகப் பிள்ளைகள் பாடவேளை அட்டவணைக்கு ஒரு சின்னப் பக்கம் எழுதுகிறார்கள். தொடங்கும் நேரத்தைக் கொடுத்தால் எட்டுப் பாடவேளையும் வரிசையாக வர வேண்டும். வெள்ளிக்கிழமை பாடவேளை சுருங்கும், விளையாட்டுப் போட்டிக் காலத்தில் இன்னும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் கையால் எழுதி ஒட்டுவது பிரதி அதிபருக்குப் பெரிய தலையிடி.

மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது எண் இல்லை, எழுத்து. "அடையாள அட்டை இலக்கத்தோட 40 ஐக் கூட்டுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். விளங்கிவிட்டது.

கெட்டிக்காரப் பையன்கள் உடனே 'டேட்' பக்கம் ஓடினார்கள். அதற்குள் "07:30" ஐ மட்டும் போட்டால் 'இன்வேலிட் டேட்' என்றுதான் வரும். திகதியும் வேண்டும். திகதி வந்தால் நேர வலயமும் கூடவே வரும். நம்ம நாடு 1996 இல் இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றி, 2006 இல்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. பாடசாலை மணிக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு?

'கணக்கு வராது' என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே பின்வாங்கிலுக்குப் போன பிள்ளை ஒன்று கொப்பியில் இரண்டு நிரல் கீறிக்கொண்டிருந்தது. மணித்தியாலம், நிமிடம். ஆரம்பப் பிரிவில் படித்த அதே கணக்கு.

"எல்லாத்தையும் நிமிடமாக்கினாச் சரிதானே டீச்சர்? ஏழு தர அறுபது 420. முப்பதோட 450. நாற்பதைக் கூட்டினா 490."

490 ஐ 60 ஆல் வகுத்தால் 8, மீதி 10. மிச்சமெல்லாம் ஜாவாஸ்கிரிப்டின் சின்னச் சின்ன அடம்தான். முக்காற்புள்ளியில் பிளக்க 'ஸ்பிளிட்'. பிளந்த பிறகும் "30" எழுத்துத்தான், 'நம்பர்' போட்டு மாற்ற வேண்டும். வகுத்தால் 8.1666 என்று நீளும், தசமத்தை வெட்ட 'மெத் ஃபுளோர்'. 8 க்கு முன்னால் பூச்சியம் வைக்க, அதைத் திரும்ப எழுத்தாக்கி 'பேட்ஸ்டார்ட்'. 08:10.

பையன்கள் கதிரையை இழுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம்!

பிள்ளை விடவில்லை. "ராவு 23:50 க்கு 30 கூட்டினா 24:20 வருதே டீச்சர்?"

மொத்தத்தை 1440 ஆல் வகுத்து மீதியை எடுக்கச் சொன்னேன். 1460 இல் மீதி 20. விடை 00:20. பாடசாலை மணிக்கு இது தேவைப்படாது, ஆனாலும் எழுதி வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை அட்டவணையை அதிபரிடம் அவள்தான் கொண்டு போகிறாள்.