பேர்லின் மேட்டில் ஒரு விகாரை

டார்ம்ஸ்டாட்டில் வாழும் எம் குடும்பங்கள் சில, பாடசாலை விடுமுறையில் பேர்லினுக்குச் சென்றிருந்தோம். நகரின் வடவெல்லையில், ஃபுரோனவ் பகுதியில் உள்ள பௌத்த இல்லத்தையும் காண்போம் என்றதும், "அது சிங்களவரின் கோயில் அல்லவா? அங்கே எங்களுக்கு என்ன வேலை?" எனப் பிள்ளைகள் வினவினர். நியாயமான வினாவே. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிய நாட்டிலிருந்தன்றோ நாம் ஏதிலிகளாய் வந்தோம்!

ஆயினும் அவ்வில்லத்தைக் கட்டியவர் பவுல் டால்கே என்னும் ஜேர்மன் மருத்துவர். இலங்கை சென்று பௌத்தம் பயின்ற அவர், 1924இல் மேடொன்றின் மீது அதனை எழுப்பினார். 1928இல் அவர் மறைந்தார். 1957இல் கொழும்பில் இயங்கிய ஜேர்மன் தர்மதூத சங்கம் அதனை விலைக்கு வாங்கிற்று. அதன்பின் இலங்கைப் பிக்குகள் அங்கே தங்கலாயினர்.

யானை வாயிலிலிருந்து மேலேறும் படிகள் 73. புத்தர் கூறிய எண்வகை நெறியை நினைவூட்ட அவற்றை எட்டுப் பகுதிகளாக அமைத்துள்ளனர். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறினர். எம்முடன் வந்த தாயார் ஒருவர் முதற்படியிலேயே நின்றுவிட்டார். போரில் தமையனைப் பறிகொடுத்தவர். "மாஸ்ரர், நீங்கள் போய் வாங்கோ. நான் கீழே இருக்கிறன்" என்றார். அவரை வற்புறுத்த எவருக்கும் மனம் வரவில்லை.

மேலே மரநிழலில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சில செய்திகள் கூறினோம். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்த காப்பியம். அதன் தலைவி அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். சைவனான இராசராச சோழன், நாகபட்டினத்துப் பௌத்த விகாரைக்கு 1006 அளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். அதனைக் கூறும் செப்பேடுகள் ஒல்லாந்துக்குச் சென்றமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலோ சின்னஞ்சிறு தூபிகள் கூட்டமாய் நிற்கின்றன. அவை தமிழ்ப் பௌத்தரின் சுவடுகள் என நம்மவர் கூற, சிங்களக் குடியிருப்பின் சான்று என மறுதரப்பார் கூறுவர். புத்தர் நமக்கு அந்நியர் என்று நம் வாயாலேயே சொல்வோமாயின், அவ்வழக்கில் மறுதரப்புக்குச் சாட்சி சொன்னவர் ஆவோம் அல்லவா?

கீழே நின்ற தாயின் துயரை இவ்வரலாறு ஆற்றிவிடாது. அவர் நின்றதில் பிழையும் இல்லை. நமக்குத் தீங்கிழைத்தது போதிமரத்து அறம் அன்று, அதன் பெயரைச் சொல்லி நடத்திய அரசியலே என்பதைப் பிரித்தறிந்து சொல்லும் கடமை பெற்றோராகிய நமக்கு உண்டு. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் திருக்குறளோடு மணிமேகலையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நம்முடையது எது என அறியாத பிள்ளை, அதனை இழந்ததையும் அறியாது.